சேர்ந்து சொல்லுங்கோ

பிள்ளை, அந்த யன்னல் கரையை எனக்குத் தாறியளே? காத்துப் படாட்டி எனக்குத் தலை சுத்தும். நன்றி பிள்ளை. பையை மடியில வைச்சிருக்கிறன், நீங்கள் வடிவா இருங்கோ.

நீங்கள் எந்த இடம்? கோப்பாயோ? கோப்பாயில எவடம்? ஓ, பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கை. அப்பா ஆர், தபால் கந்தோரில இருந்தவரோ? அப்ப எங்கட ஆக்கள்தான். வேற ஒண்டுக்கும் கேக்கேல்லை, சும்மா கேட்டனான். பக்கத்தில இருக்கிறது ஆரெண்டு தெரிஞ்சாத்தானே ஒரு கதை கதைக்கலாம்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில நேர்ஸோ? நல்லது. அப்ப நீங்கள் விளங்கிக்கொள்ளுவியள். நான் ரீச்சர். சரித்திரம் படிப்பிக்கிறனான். பரந்தனுக்கு அங்கால ஒரு பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்ப இந்த பஸ்ஸே வீடு மாதிரி ஆகிட்டுது. இண்டைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. இண்டைக்கு நான் ஒரு பிள்ளையின்ர வீட்டுக்குப் போறன். பதினோராம் ஆண்டுப் பிள்ளை, சோதினைக்கு ரெண்டு மாசம்கூட இல்லை, பள்ளிக்கூடம் வாறதை விட்டிட்டாள். கூட்டிக்கொண்டு வரப் போறன். அவள் என்னட்ட மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை எண்டு அதிபருக்கும் சொல்லிப்போட்டன். அந்தளவு பெருந்தன்மை எனக்கு இருக்கு.

என்ன நடந்ததெண்டு கேக்கிறியளோ? சொல்லுறன். அதுக்கு முன்னம் ஒண்டு கேக்கிறன். நீங்கள் ஒரு நோயாளிக்கு வருத்தத்தின்ர பேரைச் சொல்லாமல் மருந்து குடுப்பியளோ? குடுக்கமாட்டியள். அதைத்தான் நானும் சொல்லுறனான். சரித்திரம் படிப்பிக்கிறதெண்டால் பேரைச் சொல்லிப் படிப்பிக்கோணும். இனவாதம், இனவாதம் எண்டு புத்தகத்தில கிடக்கிறதை வாசிச்சுப்போட்டுப் போனால் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

எண்பத்திமூண்டுக் கலவர நேரம் நாங்கள் கொழும்பில, வெள்ளவத்தையில இருந்தனாங்கள். அப்பா அரசாங்கக் கிளாக்கர். எனக்கு எட்டு வயசு. கட்டிலுக்குக் கீழ அம்மா என்ர வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தவ. கேற்றடியில நிண்டு கத்தினாங்கள். பறத் தெமளோ, பறத் தெமளோ எண்டு. சிங்களத்தில, கேவலம் கெட்ட தமிழர் எண்டு அர்த்தம். எரிச்சதெல்லாம் எனக்கு அவ்வளவா ஞாபகமில்லை பிள்ளை. அந்தச் சொல்தான் காதுக்குள்ள நிக்குது. பாருங்கோ, நான் சத்தமாத்தான் சொல்லுறன். முன் சீற்றில இருக்கிற ஆமிக்காரப் பெடியன் திரும்பிப் பாக்கிறான், பாக்கட்டும். எனக்கென்ன பயம்? சொன்னது நானோ, அவங்களோ?

அதைத்தான் ஒவ்வொரு வருசமும் வகுப்பில படிப்பிக்கிறனான். கரும்பலகையில அந்தச் சொல்லைப் பெரிசா எழுதுவன். பிரம்பால தொட்டுக் காட்டி, "எங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கோ, சத்தமா" எண்டுவன். வகுப்பே அதிரும். ஒருக்கா, ரெண்டுதரம், மூண்டுதரம். அதுக்குப் பிறகு "இப்ப இருங்கோ, இதைக் கேட்டுக்கொண்டு ஒரு எட்டு வயசுப் பிள்ளை கட்டிலுக்குக் கீழ கிடந்தது" எண்டுவன். சில பிள்ளையள் அழும். என்ர வகுப்பைப் பற்றி வலயக் கல்விக் கந்தோரிலயே கதைக்கிறவை.

பக்கத்து வகுப்பு விஞ்ஞான ரீச்சர், புதுசா வந்த பிள்ளை, அவ ஒருநாள் என்னட்ட வந்து, "ரீச்சர், உந்தச் சொல்லைப் பிள்ளையளின்ர வாயால சொல்லுவிக்க வேணுமோ? இப்பிடி ஒரு சொல் இருந்தது எண்டு சொன்னாப் போதாதே" எண்டு கேட்டா. நான் நல்லாக் குடுத்து விட்டனான். "தங்கச்சி, நீங்கள் எண்பத்திமூண்டில பிறக்கேல்லை. வாயில வராத சொல் மண்டையில நிக்காது" எண்டன். அவ திரும்பித் தன்ர வகுப்புக்குப் போட்டா. இப்ப யோசிச்சா, அவ சொன்னதைக் கொஞ்சம் நிண்டு கேட்டிருக்கலாம். சரி, அது போகட்டும்.

இந்த வருசமும் அப்பிடித்தான். எழுதினன், சொல்லுவிச்சன், இருக்கச் சொன்னன். எல்லாரும் இருந்திட்டினம். சுகிர்தா மட்டும் நிண்டுகொண்டிருந்தாள்.

சுகிர்தாதான் நான் சொன்ன பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால குடியேற்றத் திட்டம் ஒண்டு கிடக்கு, அங்க இருக்கிறவள். மலையகத்து ஆக்கள். எழுபத்தேழுக் கலவரத்தில தேயிலைத் தோட்டங்களிலயிருந்து அடிச்சுக் கலைக்க, வன்னிக்கு வந்து காடு வெட்டி இருந்த சனம். நல்ல சனம் பிள்ளை. அவையளை மாதிரி முறிஞ்சு வேலை செய்ய எங்கட ஆக்களால ஏலாது, அதை நான் எங்கயும் சொல்லுவன். அவளின்ர தாய் இந்திராணிதான் எங்கட பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவ. நல்ல வாசமா இருக்கும். நான் சாப்பிடுறேல்லை. வீட்டிலயிருந்து கட்டிக்கொண்டு போயிடுவன், எனக்கு வேற கைச் சாப்பாடு வயித்துக்குச் சேராது.

சரி, அவள் நிண்டாள். "டீச்சர், ஒன்னு கேக்கலாமா?" எண்டாள். கேள் பிள்ளை எண்டன்.

"இந்தச் சொல்லச் சொல்லித்தான் டீச்சர் எங்க தாத்தாவையும் வெரட்டுனாங்க. லயத்து வீட்டுக்கெல்லாம் நெருப்பு வச்சப்ப இதையேதான் கத்துனாங்களாம். அதுக்கப்பறம் இங்க வந்தோம். இங்க எங்களச் சொல்றதுக்கு வேற ஒரு சொல்லு இருக்குல்ல. அதையும் போர்டுல எழுதுவீங்களா? அதையும் எல்லாரும் சேந்து சொல்லலாம்ல."

நக்கலாக் கேட்டிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும், ரெண்டு அடி போட்டிருப்பன். அவள் அப்பிடிக் கேக்கேல்லை. பாடத்தில சந்தேகம் கேக்கிற மாதிரித்தான் கேட்டவள்.

எந்தச் சொல் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. கோப்பாய்ப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமே. சிரிக்கிறியள். உங்கட வீட்டிலயும் சொல்லுறவையோ? எங்கட வீட்டிலயும்தான். வீட்டு வேலைக்கு நிண்ட பிள்ளையளை, கல்லுடைக்க வந்த ஆக்களை, எல்லாரையும் அந்த ஒரு சொல்தான். தோட்டத்தையும் காட்டையும் சேர்த்து ஒட்டின சொல். மெல்லக் கதையுங்கோ பிள்ளை. அந்தக் கொண்டக்டர்ப் பெடியன்ர பேச்சைக் கவனிச்சனீங்களோ? "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" எண்டுறான். அவனும் அந்தப் பக்கம் போலத்தான் கிடக்கு.

நான் என்ன சொன்னன் தெரியுமே? "அது வேற, இது வேற" எண்டன். "அது இனவாதம். ஆயுதத்தோட வந்து சொன்னது. இது எங்கட தமிழ் ஆக்களுக்குள்ள ஒரு பகிடிக்குச் சொல்லுறது. படிச்ச ஆக்கள் சொல்லமாட்டினம். நான் என்ர வாயால ஒருநாளும் சொன்னதில்லை."

அந்தக் கடைசி வசனம் தேவையில்லை பிள்ளை. அதைச் சொல்லாமல் மணி அடிக்கும்வரைக்கும் வேற எதையாவது கதைச்சிருக்கலாம். ஆரும் என்னட்டக் கேக்கேல்லையே, நீ சொன்னனியோ எண்டு. நானாச் சொன்னன்.

அவள் அப்பவும் இருக்கேல்லை. "சொல்லிருக்கீங்க டீச்சர்" எண்டாள்.

நாப்பது பிள்ளையள் இருக்கினம். நான் "எப்ப சொன்னனான்?" எண்டு கேட்டன். அதையும் கேட்டிருக்கக் கூடாது.

"போன வருசம் டீச்சர். அம்மா உங்க தண்ணிப் போத்தல் காலியா இருக்குன்னு குசினியில ரொப்பிக் கொண்டாந்து வச்சிச்சு. நீங்க அத மரத்தடியில ஊத்திட்டு இன்னொரு டீச்சர்கிட்ட சொன்னீங்க. அம்மா அங்கதான் அரிசி கழுவிக்கிட்டு இருந்திச்சு. வீட்டுல வந்து சொன்னிச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னிச்சு."

"பொய் சொல்லாத. இரு" எண்டன்.

"நான் பொய் சொல்லல டீச்சர்."

அவ்வளவுதான். மணி அடிச்சிட்டுது. நான் நேர அதிபரிட்டப் போனன். இப்பிடி ஒரு பிள்ளை முழு வகுப்புக்கும் முன்னால ரீச்சரில பொய்ப்பழி போட்டால் நாளைக்கு ஆர் இஞ்ச படிப்பிக்கிறது எண்டு கேட்டன். அதிபர் எங்கட ஊர்ப்பக்கம்தான், தங்கமான மனுசன், ஒண்டும் விசாரிக்கேல்லை. அடுத்தநாள் காலமைப் பிரார்த்தனையில அவளை மேடைக்குக் கூப்பிட்டு, ரீச்சரிட்ட மன்னிப்புக் கேள் எண்டார். முழுப் பள்ளிக்கூடமும் நிக்குது. அவள் மேடையில நிண்டாள். வாய் திறக்கேல்லை. அதிபர் ரெண்டாம் தரமும் சொன்னார். அவள் கூட்டத்தைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவள். பேந்து இறங்கி, புத்தகப் பையையும் எடுக்காமல் நடந்து கேற்றால வெளியில போட்டாள். குசினி மேடைக்குப் பின்னாலதான். தாய் அகப்பையைக் கீழ வைச்சிட்டு அவளுக்குப் பின்னால போறதைக் கண்டன். அண்டைக்குச் சோறு அடிப்பிடிச்சு, சின்னப் பிள்ளையளுக்கு விசுக்கோத்துதான் குடுத்தது.

போத்தல் கதையோ? நான் மற்ற ரீச்சர்மாருக்கு என்ன சொன்னனான் எண்டால், தண்ணி ஊத்தினது உண்மை, அது கிணத்துத் தண்ணி, நான் கொதிச்சாறின தண்ணிதான் குடிக்கிறனான், அந்தச் சொல் சொன்னது எனக்கு ஞாபகமில்லை எண்டு. எல்லாரும் ஓம் எண்டிட்டினம். போத்தலைக் காட்டிக்கொண்டு நான் ஆருக்குச் சொன்னனோ அந்த ரீச்சரும் ஓம் எண்டுதான் சொன்னவ. அவ தலையைக் குனிஞ்சுகொண்டு ஓம் எண்டா.

உங்களுக்குச் சொல்லுறன். நீங்கள் கிளிநொச்சியில இறங்கிப் போயிடுவியள், உங்களை நான் இனிக் காணமாட்டன். எனக்கு ஞாபகம் இருந்தது பிள்ளை. வகுப்பில அவள் போத்தல் எண்டு தொடங்கினவுடனயே ஞாபகம் வந்திட்டுது. என்ர குரலே எனக்குக் கேட்டுது. இந்த இதுகளுக்கு எத்தினைதரம் சொன்னாலும் விளங்காது, ஒரு சாமானைத் தொட முன்னம் கேக்கத் தெரியாது, அப்பிடி. பொய் சொல்லாத எண்டு அவளுக்கு நான் சொல்லேக்க எனக்கு வடிவாத் தெரியும், பொய் சொல்லுறது ஆரெண்டு. வெக்கமாக் கிடக்கு. வீட்டில மனுசனிட்டக்கூடச் சொல்லேல்லை. சொன்னால், உதென்ன பெரிய கதை, உந்தச் சொல்லை ஆர் சொல்லாமல் விட்டது எண்டுவார். அதுவும் எனக்குக் கேக்க ஏலாமல் கிடக்கு.

ஆனையிறவு தாண்டிட்டுதோ? ஓம், உப்பளம் தெரியுது.

நான் சும்மா இருக்கேல்லை. ஒருக்கா அவையின்ர வீட்டுக்குப் போனனான். போன மாசம். பழைய வினாத்தாளெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போனன். சுகிர்தா உள்ளுக்க இருந்தவள், வெளியில வரேல்லை. இந்திராணி கதிரையைத் துடைச்சுப் போட்டா. "வாங்க டீச்சர், ஒக்காருங்க" எண்டு, எண்டைக்கும் போலத்தான். பேந்து தேத்தண்ணி போடட்டுமா எண்டு கேட்டா. நான், வேண்டாம் இந்திராணி, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் எண்டன். வாயில தன்பாட்டில வந்திட்டுது, எத்தினை வருசத்துப் பழக்கம்.

"தெரியும் டீச்சர்" எண்டா அவ. "அதான் சோடா வாங்கி வச்சிருக்கேன்."

நீங்கள் கோப்பாய், உங்களுக்கு விளங்கும். தங்கட கையால குடிக்கமாட்டினம் எண்ட ஆக்கள் வீட்டுக்கு வந்தால் மூடி திறக்காத சோடா வாங்கிக் குடுப்பினமே, அது. நான் வாறன் எண்டு அவவுக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. அவள் பள்ளிக்கூடத்தை விட்ட அண்டைக்கே, டீச்சர் ஒருநாள் வருவாங்க எண்டு வாங்கி வைச்சிருக்கிறா. எனக்கு முன்னாலதான் மூடியைத் திறந்தா, நான் பாக்கிற மாதிரி. சூடு பிடிச்ச சோடா. நான் குடிச்சன். முழுக்கக் குடிச்சன் பிள்ளை. என்னைப் பாத்து அவ சந்தோசமாச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு இருக்கே, அதை மட்டும் என்னால மறக்க ஏலாமல் கிடக்கு.

எழும்பி வரேக்க அவ ஒண்டு கேட்டா. "டீச்சர், நீங்க மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். நாங்க அத எதிர்பாக்கல. அவ பொய் சொல்லலன்னு மட்டும் அந்த வகுப்புல ஒருவாட்டி சொல்லிருங்க. நான் அவள அனுப்பி வைக்கிறேன். சொல்லலன்னா அவ எங்கயாவது வேலைக்குப் போயிருவா, நான் சொன்னாக் கேக்கமாட்டா. கார்மெண்டுல ஆள் எடுக்கிறாங்கன்னு பேசிக்கிட்டு இருக்கா."

பாப்பம் இந்திராணி எண்டு சொல்லிப்போட்டு வந்தன்.

என்ன பெரிய காரியம்? ஒரு வசனம். நாலு சொல்லு. அடுத்தநாள் வகுப்புக்குப் போனன். திகதியை எழுதினன். திரும்பினன். பிள்ளையள் என்னைப் பாக்குதுகள். சுகிர்தாவின்ர வாங்கில ஒருத்தரும் நெருங்கி இருக்கேல்லை, அவளின்ர இடம் அப்பிடியே கிடக்கு. நான் பாடத்தைத் தொடங்கிட்டன். அதுக்கு அடுத்தநாளும் அப்பிடித்தான். ஒருநாள், குடியுரிமைச் சட்டம் வந்த ஆண்டை எழுதிப்போட்டு, அதுதான் மலையகத்து ஆக்களின்ர குடியுரிமையைப் பறிச்ச சட்டம், பழக்கத்தில "எங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கோ" எண்டிட்டன். ஒரு பிள்ளை வாய் திறக்கேல்லை. நாப்பதும் சும்மா இருக்குதுகள். குழப்படியில்லை, ஒண்டுமில்லை. சும்மா என்னைப் பாத்துக்கொண்டு இருக்குதுகள்.

அண்டையிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவள் கெட்டிக்காரி பிள்ளை. சரித்திரத்தில ஏ எடுக்கக்கூடிய ஒரே ஒரு பிள்ளை அந்த வகுப்பில. தாய் சமைச்சு, தகப்பன் கல்லுடைச்சுப் படிப்பிச்ச பிள்ளை. என்னால அவள் தையல் மெசினுக்கு முன்னால போய் இருந்தால் நான் படிப்பிச்ச சரித்திரத்தை என்ன செய்யிறது?

அதுதான் இண்டைக்கு ஒரு முடிவோட வெளிக்கிட்டன். பாருங்கோ என்ர பையை. போத்தல் இல்லை. வேணுமெண்டுதான் வைச்சிட்டு வந்தனான். இண்டைக்கு இந்திராணியிட்ட நானாக் கேட்டுத் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கப் போறன். சுகிர்தாவைக் கூப்பிட்டு முகத்துக்கு நேர சொல்லப் போறன், திங்கட்கிழமை வா, வகுப்புக்கு முன்னால நான் சொல்லுறன் எண்டு. என்ன சொல்லோணும் எண்டும் பாடமாக்கி வைச்சிருக்கிறன். சொல்லிக் காட்டட்டே? உங்களுக்கு முன்னால சொல்லேலாட்டி நாப்பது பேருக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது.

"பிள்ளையள், சுகிர்தா பொய் சொல்லேல்லை. போன வருசம் அவளின்ர அம்மாவை நான் ஒரு சொல் சொன்னனான். அந்தச் சொல்"

பொறுங்கோ, கொண்டக்டர் வாறான். போகட்டும்.

"அந்தச் சொல்"

வருகுதில்லை பிள்ளை. சிங்களச் சொல்லை பஸ் முழுக்கக் கேக்கச் சொன்னன், ஆமிக்காரன் இருக்கேக்கையே சொன்னன். அது அவங்கள் எனக்குச் சொன்ன சொல். எத்தினைதரமும் சொல்லுவன். இது நான் சொன்ன சொல்லெல்லே.

சரி, அவளைக் கண்டால் வரும். கண்டால் கட்டாயம் வரும். சந்தி கிட்டுது, நான் எழும்போணும். அந்தப் பையை ஒருக்கா எடுத்துத் தாங்கோ. அங்க பாருங்கோ, பஸ் நிக்கிற இடத்தில, அந்த வேப்பமரத்தடியில நாலு பெட்டையள் நிக்கினம் எல்லே, கழுத்தில அட்டை தொங்குது. கார்மெண்ட் பிள்ளையள். சனிக்கிழமையும் வேலை, பாவங்கள். அந்தக் கடைசியா நிக்கிறது

இருங்கோ பிள்ளை. எழும்பாதேங்கோ. வழி விட வேண்டாம், இருங்கோ.

அவள்தான். கழுத்தில அட்டை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னுற மாதிரியே ரெட்டைப் பின்னல் போட்டிருக்கிறாள். பின் கதவால ஏறுறாள், என்னைக் காணேல்லை. கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ பிள்ளை, என்னை மறைக்கிற மாதிரி. போதும், போதும்.

என்ன தம்பி? இல்லைத் தம்பி, நான் இஞ்ச இறங்கேல்லை. டவுனில ஒரு அலுவல் இருக்கு. மிச்ச ரிக்கற்றுக்குக் காசு தாறன், சத்தம் போடாதை. ஓம், வழக்கமா இஞ்சதான், இண்டைக்கு டவுனுக்கு.

கண்டிட்டாள்.

வணக்கம் பிள்ளை. ஓம், சுகம். அம்மா சுகமோ? இதில வந்து இரன், இடம் இருக்கு, இந்த அக்கா எப்பன் தள்ளி இருப்பா. இல்லையோ. சரி, சரி, நில். ஓம், டவுனுக்குத்தான் போறன், ஒரு அலுவல்.

போட்டாள், பின்னுக்குப் போய் நிக்கிறாள். பாக்கிறாளோ? பாக்கேல்லையோ. நீங்கள் திரும்பாதேங்கோ.

பிள்ளை, நீங்களும் டவுனிலதானே இறங்குவியள். அவளும் அங்கதான் இறங்குவாள். நீங்கள் நேர்ஸ், ஆக்களிட்டக் கதைக்கிறது உங்களுக்குப் பழக்கம். இறங்கினாப் பிறகு அவளைக் கூப்பிட்டு ஒருக்காச் சொல்லுங்கோவன். நீ பொய் சொல்லேல்லையாம், டீச்சருக்குத் தெரியுமாம் எண்டு. அவ்வளவும் போதும். தாயும் அதைத்தான் கேட்டவ.

சத்தமா வேண்டாம். மற்றப் பெட்டையளுக்குக் கேக்காமல், மெல்லமாச் சொல்லுங்கோ.